பெயரால் உறவு, தொழிலால் உறவு: தெய்வங்கள் குறித்த வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், உலக நாடுகளின் தெய்வங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, நம் தெய்வங்களும் பிற நாட்டுத் தெய்வங்களும் ஒன்றுதானா என்ற ஐயத்தையே வெவ்வேறு வடிவில் எழுப்பியிருந்தன. அவற்றிலிருந்து தேர்ந்த சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: இந்திரன் கையில் வச்சிராயுதம், கிரேக்கரின் ஜீயஸ் கையில் இடி. இருவரும் தேவர்களின் அரசர்கள். இருவர்மீதும் பிறன்மனை நாடிய பழி உண்டு. அப்படியானால் இருவரும் ஒருவர்தானே? (கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி)

பதில்: ஒருவர் அல்லர். ஜீயஸுக்கு ரிக் வேதத்தில் உண்மையான உறவினர் ஒருவர் உண்டு. அவர் பெயர் த்யௌஸ். ஒளிரும் வானத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லோடு தந்தை என்னும் சொல்லையும் சேர்த்து, 'த்யௌஸ் பிதா' என்று வேதக் கவிகள் பாடினார்கள். கிரேக்கர் 'ஜீயூ பாட்டெர்' என்று விளித்ததும், ரோமானியர் 'ஜூபிடர்' என்று அழைத்ததும் இதே இரண்டு சொற்களைத்தான். ஒரே மூதாதை மொழியிலிருந்து பிரிந்து சென்ற கூட்டத்தார், தங்கள் வானத் தந்தையின் பெயரை ஆளுக்கொரு திசையில் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். தேவன் என்ற சொல்லும், தெய்வத்தைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லான 'தேயுஸ்' என்பதும் இதே வேரில் கிளைத்தவை. ஒலியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: கிரேக்க மொழியில் கடவுளைக் குறிக்கும் 'தியோஸ்' என்பது நம் காதுக்குத் தேவன் போலவே கேட்டாலும், அதன் வேர் முற்றிலும் வேறு.

ஆனால் இந்தியாவில் த்யௌஸின் நிலை வேறாயிற்று. ரிக் வேதத்தின் 1028 பாடல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்திரனைப் போற்றுகிறது. த்யௌஸை மட்டுமே தனித்துப் போற்றும் பாடல் ஒன்றுகூட இல்லை, பூமியோடு இணைத்துப் பாடப்பட்ட ஆறு பாடல்களே உள்ளன. தந்தை வானத்தோடு வானமாய் ஒதுங்கிவிட, நீரை அடைத்து வைத்திருந்த விருத்திரன் என்னும் பாம்பைப் பிளந்து ஆறுகளை விடுவித்த இந்திரன் முன்னால் வந்தான். கிரேக்கத்திலோ வானத் தந்தையே இடியையும் ஏந்தி, டைஃபோன் என்னும் பெரும்பூதத்தோடு போரிட்டு, அரசனாகவும் நிலைத்தார். ஆகவே ஜீயஸுக்கும் த்யௌஸுக்கும் பெயரால் உறவு. ஜீயஸுக்கும் இந்திரனுக்கும் தொழிலால் உறவு. பாம்பையோ கடற்பூதத்தையோ கொல்லும் இடித் தெய்வம் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட இட்டைட்டுகளிடம் உண்டு, வடதிசை நார்ஸ் மக்களிடம் உண்டு. பாபிலோனில் மார்டுக் கொன்றது கடலே உருவான தியாமத்தை. பாபிலோனியர் வேத மொழியின் குடும்பத்தைச் சேர்ந்தவரே அல்லர்.

இரு தெய்வங்கள் ஒத்திருப்பதைக் கண்டால் நான் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது வழக்கம். இவர்கள் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவர்களா? ஒருவர் மற்றவரின் ஊருக்குப் பயணம் போனவரா? அல்லது மழையும் சாவும் எல்லா ஊர் மனிதரையும் ஒரே விதமாக அச்சுறுத்தியதால் தனித்தனியே பிறந்தவர்களா? இம்மூன்றையும் குழப்பிக்கொண்டு 'எல்லாம் ஒன்றே' என்று முடித்துவிடும்போது, அந்தந்த மக்கள் தங்கள் தெய்வத்துக்குக் கொடுத்த தனி முகத்தை நாம் இழக்கிறோம். புகார் நகரத்தில் இந்திர விழா எடுக்க மறந்ததால் கடல் ஊரைக் கொண்டது என்கிறது மணிமேகலை. அந்த இந்திரன் காவிரிக் கரையின் இந்திரன், அவனுக்கு ஒலிம்பஸ் மலையில் இடமில்லை.

கேள்வி: அசுரர் என்றால் நமக்குத் தீயோர். பாரசீகரோ 'அகுரா' என்று கடவுளையே அழைக்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், விருதுநகர்)

பதில்: ஒரே சொல்தான். வேத மொழியில் 'ச' ஒலிக்கும் இடத்தில் பழைய ஈரானிய மொழியில் 'ஹ' ஒலிக்கும். சோமம் அங்கே ஹவோமம், சப்தம் (ஏழு) அங்கே ஹப்தம், அசுரன் அங்கே அஹுரன். சிந்து என்ற ஆற்றின் பெயர் ஹிந்து ஆனதும் இதே மாற்றத்தால்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் படிவங்களில் நிரப்பும் சமயப் பெயரே அந்த ஒலிமாற்றம் தந்தது.

பொருள் மாறிய கதைதான் மேலும் சுவையானது. ரிக் வேதத்தின் பழைய பாடல்களில் அசுரன் என்பது இழிசொல் இல்லை. வலிமையும் தலைமையும் உடையவன் என்ற பொருளில் வருணனுக்கும் அக்கினிக்கும் இந்திரனுக்கும்கூட அது அடைமொழியாக வருகிறது. பின்னர் இங்கே தேவர் உயர்ந்தனர், அசுரர் எதிரிகளாயினர். ஈரானில் சரத்துஸ்திரர் என்னும் சமய குருவின் வழிவந்த மரபில் அகுரா மஸ்தா ஒப்பற்ற இறைவனாக, 'தேவர்' என்ற சொல் பேய்களுக்கு உரியதாயிற்று. நம் இந்திரன் அவர்களின் நூலில் பேய்களின் பட்டியலில் நிற்கிறான். மித்திரன் மட்டும் இரு பக்கமும் மதிப்புக் குறையாமல் இருந்தான். 'அசுரன்' என்ற சொல்லின் முதலெழுத்தை எதிர்மறையாகப் பிழைபட உணர்ந்து, அதை நீக்கிச் 'சுரர்' என்று தேவர்களுக்குப் புதுப்பெயர் படைத்ததும் பிற்காலத்தில்தான்.

இத்தெய்வங்களின் பெயர்கள் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இந்தியாவிலும் இல்லை, ஈரானிலும் இல்லை, துருக்கியில் இருக்கிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் இட்டைட்டு அரசன் சுப்பிலுலியுமாவும் வடசிரியப் பகுதியிலிருந்த மித்தன்னி நாட்டின் அரசன் சத்திவாசாவும் செய்துகொண்ட உடன்படிக்கையில், சாட்சித் தெய்வங்களின் நீண்ட வரிசையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி தேவர்) ஆகியோரின் பெயர்கள் களிமண் பலகையில் பதிந்துள்ளன. சொன்ன சொல் காக்கும் தெய்வங்களாக அவர்கள் அழைக்கப்பட்டிருப்பது மித்திரனுக்கும் வருணனுக்கும் மிகப் பொருத்தம்.

திருச்செந்தூரில் வதைக்கப்படும் சூரனின் பெயரையும் இதோடு சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். சங்கப் பாடல்களில் வரும் 'சூர்' என்பது அச்சம் தரும் தெய்வத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதை அசுரன் என்பதிலிருந்து வந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: ஜப்பானில் சரஸ்வதிக்குக் கோயில்கள் உண்டு என்று என் மகன் சொல்கிறான். அங்கே இந்துக்கள் குடியேறி வழிபட்டார்களா? (இசை ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: யாரும் குடியேறவில்லை, தெய்வம் மட்டும் பௌத்த நூல்களில் ஏறிப் பயணம் செய்தாள். நான் மேலே சொன்ன மூன்று வழிகளில் இரண்டாவதற்கு இதைவிட அழகிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 'பொன்னொளிச் சூத்திரம்' எனப்படும் பௌத்த நூலில், அந்நூலை ஓதுவோருக்குச் சொல்வன்மை தந்து காப்பேன் என்று சரஸ்வதி உறுதி கூறுகிறாள். 703இல் யிசிங் என்ற துறவி அதைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். அங்கிருந்து ஜப்பானுக்குச் சென்றபோது அவள் பெயர் 'பென்ஸைத்தென்' ஆயிற்று. இறுதியிலுள்ள 'தென்' என்பது தேவன், தேவி என்பதற்கு ஈடான சொல். நாரா நகரின் தோதாய்ஜி மடத்தில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் சிற்பம் ஒன்றில் அவள் எட்டுக் கைகளோடு நிற்கிறாள். பொன்னொளிச் சூத்திரம் அவளை ஆயுதம் ஏந்திய காவல் தெய்வமாகவும் வருணிப்பதே இதற்குக் காரணம். வீணையின் இடத்தில் 'பிவா' என்ற நரம்புக்கருவியைத் தாங்கிய வடிவமே பின்னர் பரவலாயிற்று.

இசை ஆசிரியையான தாங்கள் மகிழக்கூடிய செய்தி ஒன்று உண்டு. வேதத்தில் சரஸ்வதி முதலில் ஓர் ஆறு. ஓடும் நீர், ஓடும் சொல், ஓடும் இசை என்று அவள் வளர்ந்தாள். வெண்தாமரையையும் புத்தகத்தையும் பூசையில் வைக்கும் நாம் அந்த நீரைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். ஜப்பானியர் மறக்கவில்லை. ஏனோஷிமா தீவு, பிவா ஏரிக்குள் இருக்கும் சிக்குபு தீவு, கடல்நீரில் வாயில் நிற்கும் இட்சுகுஷிமா என்று அவளுடைய புகழ்பெற்ற மூன்று தலங்களும் நீர் சூழ்ந்தவை; தோக்கியோவின் உவேனோ பூங்காவிலும் அவள் கோயில் குளத்தின் நடுவேதான் இருக்கிறது.

ஊர் மாறும்போது பொறுப்பும் மாறியது. அவள் பெயரில் 'திறமை' என்ற பொருள் தரும் எழுத்தை, அதே ஒலியுடைய 'செல்வம்' என்ற எழுத்தாக மாற்றி எழுதினார்கள். நாளடைவில் செல்வம் தருபவளாகவும் ஆனாள். காமக்குரா நகரில் அவள் கோயில் ஊற்றில் பணத்தைக் கழுவினால் பெருகும் என்பது நம்பிக்கை. நம் ஊரில் கலைமகளும் திருமகளும் ஓரிடத்தில் தங்குவதில்லை என்று சொல்வார்கள். அங்கே கலைமகளே திருமகளின் பணியையும் ஏற்றாள். இலக்குமியும் 'கிச்சிஜோதென்' என்ற பெயரில் அங்கே இருக்கிறாள் என்றாலும் மக்களிடையே பென்ஸைத்தெனுக்கே செல்வாக்கு மிகுதி.

பிள்ளையாரும் போனார். 'கான்கிதென்' என்று பெயர் பெற்ற அவரை, தழுவி நிற்கும் இரு யானைமுக உருவங்களாக வடித்து, பக்தர் கண்ணில் படாமல் பேழைக்குள் மறைத்து வைக்கிறார்கள். தெருமுனைதோறும் வெயிலிலும் மழையிலும் வீற்றிருக்கும் நம் பிள்ளையாரை எண்ணும்போது இந்த வேறுபாடு மனத்தில் தைக்கிறது. தோக்கியோவின் அசாகுசா பகுதியிலுள்ள அவருடைய கோயிலில் முள்ளங்கி படைக்கிறார்கள்.

கேள்வி: முப்பத்து முக்கோடி தேவர்கள் என்கிறோமே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? (வாசகர், நாமக்கல்)

பதில்: வேதம் சொல்வது முப்பத்து மூவர்தான். எட்டு வசுக்கள், பதினொரு உருத்திரர், பன்னிரு ஆதித்தர், இந்திரன், பிரசாபதி. 'முப்பத்து மூவர் அமரர்க்கு' என்று ஆண்டாள் பாடுவது இந்தக் கணக்கையே. கோடிகள் பின்னர் சேர்ந்தன. கோடி என்றால் வகை என்று பொருள், எனவே முப்பத்து மூன்று வகைத் தேவர் என்பதே சரி என்று இப்போது பலரும் விளக்குகிறார்கள். புராணங்களின் மிகைநவிற்சியை இப்படிச் சரிக்கட்ட வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எண்ணிக்கையைப் பற்றி மிக ஆழமான உரையாடல் பிருகதாரண்யக உபநிடதத்தில் இருக்கிறது. தேவர்கள் எத்தனை பேர் என்று சாகல்யர் கேட்க, யாக்ஞவல்கியர் முதலில் முந்நூற்று மூவரும் மூவாயிரத்து மூவரும் என்கிறார். மீண்டும் கேட்க முப்பத்து மூவர்; மீண்டும் ஆறு, மூன்று, இரண்டு, ஒன்றரை, ஒன்று. அந்த 'ஒன்றரை' என்ற விடையைக் கடந்து செல்ல எனக்கு மனம் வருவதில்லை. வீசும் காற்றையே அவர் அப்படிச் சொல்கிறார்.

கேள்வி: எமனிடம் வாதாடிக் கணவனை மீட்ட சாவித்திரியைப் போல் வேறு நாட்டுக் கதைகளில் யாரும் உண்டா? (இல்லத்தரசி, மயிலாடுதுறை)

பதில்: இறந்தவரைத் தேடிப் போனவர்கள் பலர் உண்டு, சாவித்திரியைப் போல் வென்றவர்கள் அரிது. கிரேக்கத்தில் ஓர்ஃபியஸ் என்னும் இசைவாணன், பாம்பு தீண்டி இறந்த மனைவி யூரிடிசியைத் தேடிக் கீழுலகம் சென்று, யாழிசையால் அவ்வுலக அரசனின் மனத்தை இளக்கினான். மேலே சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. அவன் பார்த்தான், இழந்தான். ஜப்பானில் 712இல் தொகுக்கப்பட்ட கோஜிக்கி என்ற நூலில், இசானகி தன் மனைவி இசானமியைத் தேடி இருள் உலகுக்குச் சென்று, காத்திருக்கச் சொன்னவளின் சொல்லை மீறிச் சீப்பின் பல்லைக் கொளுத்திப் பார்க்கிறான். அழுகிய உடலைக் கண்டு ஓடுகிறான். பாறையால் வழியை அடைத்த பிறகு, நாளொன்றுக்கு உன் மக்கள் ஆயிரம் பேரைக் கொல்வேன் என்கிறாள் அவள். ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைப்பேற்றுக் குடில்களை எழுப்புவேன் என்கிறான் அவன்.

சுமேரியரின் கதை நேர் எதிரானது. இனன்னா என்னும் தேவி ஏழு வாயில்களைக் கடந்து, ஒவ்வொன்றிலும் ஓர் அணியையோ ஆடையையோ இழந்து, கீழுலகில் பிணமாகித் தொங்கவிடப்படுகிறாள். உயிர் பெற்று மேலே வர வேண்டுமானால் ஈடாக ஓர் ஆளைத் தர வேண்டும். தனக்காகத் துக்கம் காக்காமல் அரியணையில் அமர்ந்திருந்த கணவன் துமுசியையே அவள் சுட்டிக்காட்டுகிறாள்.

இவற்றோடு வைத்துப் பார்க்கும்போது சாவித்திரியின் தனித்தன்மை தெளிவாகிறது. அவள் கீழுலகம் செல்லவில்லை. காட்டு வழியில் எமனின் பின்னாலேயே நடக்கிறாள், நடந்துகொண்டே அறம் பேசுகிறாள். மாமனாரின் கண்பார்வை, அவர் இழந்த நாடு, தன் தந்தைக்கு நூறு பிள்ளைகள் என்று கணவன் உயிரைத் தவிர்த்த வரங்களைக் கேட்டுப் பெற்று, பின் சத்தியவான் வழியாகத் தனக்கு நூறு பிள்ளைகள் என்று கேட்கிறாள். எமன் தருகிறான், தந்த பின் தன் சொல்லுக்கே கட்டுப்படுகிறான். கிரேக்கரின் ஹேடிஸாயினும் சுமேரியரின் எரெஷ்கிகாலாயினும் அவர்கள் கீழுலகை ஆள்பவர்கள், அவ்வளவே. நம் மரபின் எமன் தரும ராசனும் ஆவான். ரிக் வேதத்தில் அவன் முதன்முதலில் இறந்து, பின்வருவோருக்கு வழி கண்டவன். கடோபநிடதத்தில் நசிகேதனுக்கு ஆசிரியன். நீதிக்குக் கட்டுப்பட்டவனாக மரணத்தை எண்ணிய மக்களால்தான் மரணத்தோடு வாதாடி வெல்லும் பெண்ணையும் எண்ண முடிந்தது என்பது என் உறுதியான கருத்து. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் காரடையும் உருகாத வெண்ணெயும் வைத்து நோன்பு நூற்கும் பெண்கள் நினைவுகூர்வது அவளைத்தான்.

கேள்வி: வியாழக்கிழமை நமக்குக் குருவின் நாள். ஆங்கிலேயருக்கு அது தோர் என்ற தெய்வத்தின் நாளாம். தோரும் குருவும் ஒருவரா? (பள்ளி மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: இல்லை அம்மா. இருவரையும் இணைப்பது ஒரு கோள் மட்டுமே. ஏழு கோள்களின் பெயரால் ஏழு நாள்களை அழைக்கும் முறை மத்தியதரைக்கடல் நாடுகளில் உருவாயிற்று. ரோமானியர் ஐந்தாம் நாளை ஜூபிடர் கோளுக்கு உரியதாக்கினர். ஜெர்மானிய மக்கள் அம்முறையைக் கைக்கொண்டபோது, ஜூபிடரும் இடி ஏந்துபவர் என்பதால் தங்கள் இடித் தெய்வமான தோரின் பெயரை அந்த இடத்தில் வைத்தனர். இந்தியாவிலோ அந்தக் கோள் தேவகுருவான பிருகஸ்பதி. மத்தியப் பிரதேசத்திலுள்ள ஏரண் என்ற ஊரில் 484ஆம் ஆண்டுக் கல்வெட்டு 'தேவகுருவின் நாள்' என்று கிழமையைக் குறிக்கிறது. நம் நாட்டில் கிழமை சுட்டும் மிகப் பழைய கல்வெட்டாக அறியப்படுவது அதுவே. ஞானசம்பந்தரின் கோளறு பதிகமும் ஞாயிறு தொடங்கிச் சனி வரை கிழமை வரிசையிலேயே கோள்களை அடுக்குகிறது.

வெள்ளியையும் பார்: ரோமானியருக்கு அது வீனஸ் என்னும் காதல் தேவி, நமக்கு அசுர குருவான சுக்கிராசாரியார்.

கேள்வி: 'ஸ்கந்தன்' என்பது அலெக்சாந்தரைக் குறிக்கும் 'சிக்கந்தர்' என்பதன் திரிபு என்று ஒரு செய்தி பரவுகிறது. உண்மையா? (முருகனடியார், பழனி)

பதில்: தவறு. அலெக்சாந்தரின் பெயரிலுள்ள 'அல்' என்பதை அரபு மொழியின் சுட்டாகக் கருதி நீக்கியதால் பிறந்த வடிவமே இஸ்கந்தர், சிக்கந்தர் என்பவை. அது அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டது. அவர் சிந்து நதியைக் கடந்தது கி.மு. 326இல். அதற்கு முற்பட்டதாகக் கொள்ளப்படும் சாந்தோக்கிய உபநிடதம், நாரதருக்கு உபதேசம் செய்த சனத்குமாரரை ஸ்கந்தர் என்று அழைப்பர் என்கிறது. பாய்தல், துள்ளுதல் என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து பிறந்த பெயர் அது.

முருகனோ வேறு வழியில் வந்தவன். குறிஞ்சி நிலத்துச் சேயோனாக, வேலன் ஆடும் வெறியாட்டில் இறங்குபவனாகச் சங்கப் பாடல்கள் அவனைக் காட்டுகின்றன. ஆறு முகமும் சரவணப் பொய்கைப் பிறப்பும் கொண்ட வடநாட்டு ஸ்கந்தனோடு அவன் இணைவதைத் திருமுருகாற்றுப்படையிலும் பரிபாடலிலும் காணலாம். இரண்டு ஆறுகள் கலந்த இடம் அது. அங்கே மாசிடோனியாவின் நீர் இல்லை.

கேள்வி: தமிழர் வழிபட்ட தெய்வங்கள் கிழக்கு நாடுகளுக்குத் தமிழோடு சென்றதற்குச் சான்று உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: உண்டு. தாய்லாந்தின் அரசவை அந்தணர்கள் 'திரியம்பவாய்' என்ற விழாவில் ஓதும் மந்திரங்கள் திருவெம்பாவைப் பாடல்களே. பல தலைமுறைகளாகப் பொருள் மறந்தும் ஓசை மறக்காமல் காத்துவந்திருக்கிறார்கள். சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. மங்கோலியப் பேரரசரான கானின் ஆணை பெற்று, அவர் நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளுவித்ததை அது கூறுகிறது. அதன் இறுதியில் சீன எழுத்தும் உண்டு. கோயில் அழிந்துபோயிற்று. அந்நகரின் கையுவான் பௌத்த மடத்தின் பின்புறத் தூண்கள் இரண்டில் நரசிங்கமும் கண்ணனும் இன்றும் இருக்கிறார்கள். அருகிலுள்ள செதியான் என்ற சிற்றூரில், நான்கு கைகளோடு அமர்ந்த தேவியின் பழைய கற்சிலை ஒன்று தெருக்கோயிலில் இருக்கிறது. அவ்வூர் மக்கள் அவளைத் தங்கள் கருணைத் தேவியான குவான்யின் என்றே அழைத்து, நாள்தோறும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள்.